படை வந்தது, பொறுப்பு கைமாறவில்லை: மும்பை 1992-93

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பைத் தெருக்களில் ராணுவம் இருந்தது. லாரிகளில் ஜவான்கள் வலம் வந்தார்கள், கொடி அணிவகுப்பு நடந்தது, மறுநாள் பத்திரிகைகளில் படமும் வந்தது. அப்படியிருந்தும் அந்த இரண்டு கட்ட இந்து-முஸ்லிம் கலவரத்தில் 900 பேர் இறந்தார்கள். ராணுவம் வராமல் போனதால் நடந்த அழிவு என்று இதைச் சொல்ல முடியாது. வந்த ராணுவத்தைக் கொண்டு யாரும் எதையும் செய்யச் சொல்லவில்லை. போலீசுக்கு ராணுவம் துணை நிற்பது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று புரிந்துகொள்ள இந்தியாவில் இதைவிடத் தெளிவான நிகழ்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வடாலாவிலும் வாழும் தமிழர்களுக்கு இது ஏதோ பழைய வரலாறு இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களும், அதே மாவட்டத்திலிருந்து கிளம்பிவந்த இந்துக் குடும்பங்களும் ஒரே சந்தில் ஒரே தமிழ் பேசி வாழ்ந்த பகுதி அது. பெரிய மசூதிக்கும் கணேசன் கோயிலுக்கும் இடையே நடக்கும் தூரம்தான். டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட சேதி வந்தவுடனேயே தாராவிக்குள் சிவசேனாவினர் சைக்கிள் பேரணி நடத்தியதையும், அது பதற்றமான பகுதிகள் வழியாகப் போய் காலா கில்லாவில் கூட்டமாக முடிந்ததையும், இந்தக் கலவரத்தை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்திருக்கிறது. போலீஸ் தடுத்திருக்க வேண்டிய முதல் விஷயம் அது. அன்று இரவே தென் மும்பையின் பைதுனியில் மினாரா மசூதி அருகே கூட்டம் திரண்டது. அப்புறம் நடந்ததெல்லாம் ஊரறிந்தது.

பொது ஒழுங்கும் போலீசும் மாநிலத்தின் கையில் இருக்கும் விஷயங்கள். ஆனால் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் முதல் இனமே, சிவில் அதிகாரத்துக்கு உதவியாக ராணுவத்தையும் கடற்படையையும் விமானப் படையையும் பயன்படுத்துவதை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. 1976ல் 42வது திருத்தம் ஒன்றியப் பட்டியலில் 2ஏ என்ற இனத்தைச் சேர்த்து, மாநிலங்களில் ஒன்றியப் படைகளை நிறுத்துவதை மத்திய அரசின் பொறுப்பாக்கியது. ஆக, மாநிலம் கேட்கலாம், படை ஒன்றியத்தினுடையது. கேட்டு வந்த பிறகு களத்தில் யார் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது குற்றவியல் நடைமுறைச் சட்டம். அன்று 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 129 முதல் 132 வரையிலான பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதே விஷயம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 148 முதல் 151 வரை இருக்கிறது.

அந்தப் பிரிவுகளை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் இந்த நிகழ்வின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தை முதலில் கலைக்க வேண்டியது போலீஸ். அவர்களால் முடியவில்லை, பொதுப் பாதுகாப்புக்காகக் கலைத்தே ஆக வேண்டும் என்றால், அன்றைய சட்டப்படி அங்கிருக்கும் உயர்நிலை நிர்வாக மாஜிஸ்திரேட் ராணுவத்தைக் கொண்டு கலைக்கச் சொல்லலாம். அவர் சொன்னதும் அந்தப் படைக்குழுவின் அதிகாரி கட்டுப்பட்டாக வேண்டும். எப்படிச் செய்வது என்பதை மட்டும் அதிகாரியே முடிவு செய்வார். முடிந்த அளவு குறைந்த பலம், உயிருக்கும் உடைமைக்கும் முடிந்த அளவு குறைந்த சேதம் என்பது சட்டமே போடும் நிபந்தனை. மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ள வழியே இல்லாத நேரத்தில் மட்டும் அதிகாரி தானாக இறங்கலாம். தொடர்பு கிடைத்த நொடியிலிருந்து மறுபடி மாஜிஸ்திரேட் சொல்வதுதான்.

அதாவது 'என்ன செய்ய வேண்டும்' என்பதைச் சிவில் அதிகாரி சொல்கிறார், 'எப்படி' என்பதை ராணுவ அதிகாரி முடிவு செய்கிறார். இடையில் ஒரு கைமாற்றம் இருக்கிறது. இந்தத் தெரு, இந்தக் கூட்டம், என்னால் முடியவில்லை, இனி உங்கள் பொறுப்பு என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, முறைப்படி எழுதியும் கொடுக்க வேண்டும். அந்த நொடி வரைக்கும், எத்தனை துப்பாக்கி வைத்திருந்தாலும் ஜவான் அந்தத் தெருவில் ஒரு பார்வையாளர்தான்.

மும்பையில் இன்னொன்றும் உண்டு. கமிஷனரேட் நகரம் என்பதால் போலீஸ் கமிஷனருக்கே நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரம் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் கலெக்டர் ஒரு பக்கம், எஸ்.பி. ஒரு பக்கம் இருப்பார்கள். போலீசால் முடியவில்லை என்று இன்னொருவர் பார்த்துச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. இங்கே தன் படையால் முடியவில்லை என்று முடிவு செய்ய வேண்டியவரும் அந்தப் படையின் தலைவரேதான். எந்தக் கமிஷனருக்கும் அது எளிதில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான உயிர் அந்த முடிவின் மேல் நின்றது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தையும் இதையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 'கலவரப் பகுதி' என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் ராணுவத்துக்குத் தனி அதிகாரம் தருகிறது. மும்பையில் அது எப்போதுமே கிடையாது. இங்கே ராணுவம் வந்தபோதெல்லாம் சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ், சிவில் அதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் வந்தது. 1982 ஆகஸ்டில் மும்பைப் போலீஸ்காரர்களே கிளர்ந்தெழுந்து தெருவில் இறங்கியபோது ராணுவத்தை அழைத்ததும் இப்படித்தான். போலீசுக்குத் துணையாக வர வேண்டிய படை போலீசுக்கு எதிரில் வந்து நின்ற விசித்திரமான ஆகஸ்ட் அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, 1992க்கு வருவோம். அன்று முதலமைச்சர் சுதாகர்ராவ் நாயக். போலீஸ் கமிஷனர் ஸ்ரீகாந்த் பாபட். டிசம்பர் 6 இரவில் தொடங்கிய முதல் கட்டத்தின் ஆரம்ப நாட்களிலேயே ராணுவம் அழைக்கப்பட்டது. ராணுவத்தின் பகுதித் தலைமையகமே கொலாபாவில் இருக்கும் நகரம் இது. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஜனவரி 6 அளவில் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வாரம் நீடித்த இரண்டாம் கட்டத்திலும் படைகள் நகரில் இருந்தன. ஜனவரி 7 நள்ளிரவு தாண்டி ஜோகேஸ்வரியில் ராதாபாய் சால் என்ற வரிசை வீட்டுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு ஆறு பேர் உயிரோடு எரிந்தார்கள். அதை அடுத்து நகரமெங்கும் பழிவாங்கல் பரவியது. அந்தப் பழிவாங்கலில் சிவசேனா தலைவர்கள் முன்னின்றார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. கன்ட்ரோல் ரூம் வயர்லெஸ் பேச்சின் ஒலிப்பதிவுகளில் முஸ்லிம்களுக்கு எதிரான போலீசாரின் மனப்போக்கு வெளிப்படையாகவே கேட்கிறது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் அறிக்கையின் மிகக் கடுமையான வரி ஒன்று வருகிறது. ஜனவரி 8 முதல் 12 வரை, விலைமதிப்பற்ற நான்கு நாட்கள், ராணுவத்தைத் திறம்படப் பயன்படுத்த என்ன உத்தரவு தருவது என்று முதலமைச்சர் யோசிப்பதிலேயே போய்விட்டன என்கிறது ஆணையம். மேலிருந்து முரண்பட்ட உத்தரவுகள் வந்தன, சுடுவதா வேண்டாமா என்ற குழப்பம் கீழ்மட்டக் காவலர் வரை இறங்கியது. ராணுவத்தைப் பற்றி அது சொன்னதன் சாரம் இதுதான்: கொடி அணிவகுப்புக்கு மட்டும் பயன்படுத்தினார்கள், களத்தில் செயல்படும் பொறுப்பைத் தரவில்லை, அதனால் படை வந்தால் வழக்கமாக ஏற்படும் உளவியல் பாதிப்பு கும்பல்களிடம் ஏற்படவே இல்லை.

கொடி அணிவகுப்பு என்பது ஒரு கெட்ட உத்தி இல்லை. ஒரு படைக்குழு, பொதுவாக எழுபது எண்பது ஜவான்கள், ஆயுதங்களோடு முக்கிய வீதிகளில் போவார்கள். வன்முறை இன்னும் மூளாத இடத்தில் அதற்குப் பலன் உண்டு. வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பவர்களுக்குத் தைரியம் வரும், கல்லெடுக்க நினைத்தவன் ஒரு தரம் யோசிப்பான். ஆனால் அந்தப் பலன் முழுக்க, 'இவர்கள் இறங்கினால் விளையாட்டில்லை' என்ற நம்பிக்கையில் நிற்கிறது. காலையில் படை போன தெருவில் மதியம் கடை எரிந்து, சாயங்காலம் அதே படை மறுபடி அணிவகுத்துப் போனால் அந்த நம்பிக்கை செத்துவிடும். மூன்றாம் நாள் யாரும் ஜன்னலைக்கூடத் திறந்து பார்க்க மாட்டார்கள். அச்சம் ஒரு வங்கிக் கணக்கு மாதிரி. எடுத்துக்கொண்டே இருந்தால் தீர்ந்துவிடும்.

தாராவியின் அமைப்பை மனதில் வைத்துப் பாருங்கள். 90 அடிச் சாலையிலும் 60 அடிச் சாலையிலும் ராணுவ லாரி போகும். அங்கிருந்து பிரியும் சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே நடக்க வேண்டுமானால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்குப் போகும் வழி அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆணையத்தின் கணக்கில் இறந்த 900 பேரில் 347 பேர் கத்திக்குத்தில் இறந்தவர்கள். கத்திக்குத்து பெரிய சாலையில் கூட்டமாக நடப்பதில்லை. தனியாக அகப்பட்டவனைச் சந்து முனையில் மறித்து நடப்பது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 356, தீ வைப்பில் 91, கும்பல் தாக்குதலில் 80, தனியார் துப்பாக்கிகளால் 22, மற்றவை 4. இந்த எண்களை வரிசையாகப் படிக்கும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிறது. கொடி அணிவகுப்பால் நேரடியாகத் தடுக்கக்கூடிய சாவு இதில் எவ்வளவு என்று கேட்டால், மிகக் கொஞ்சம். சந்துகளை மறித்து நின்று, வீட்டுக்கு வீடு ஆயுதம் தேடி, பதற்றமான முனைகளில் இரவும் பகலும் காவல் போட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடியது நிறைய.

மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போலீஸ் குண்டால் போனது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். போலீஸ் சுடவே தயங்கியது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சில இடங்களில் தயங்கியது, சில இடங்களில் தாராளமாகச் சுட்டது. ராணுவத்தின் சுடும் முறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சிவில் அதிகாரத்துக்கு உதவும்போது ராணுவம் தனக்கென்று வைத்திருக்கும் கோட்பாடுகள் நான்கு: தேவை, குறைந்தபட்ச பலம், பாரபட்சமின்மை, நல்லெண்ணம். முதலில் கூட்டத்தை எச்சரிக்க வேண்டும். வெற்றுத் தோட்டா கிடையாது, தலைக்கு மேல் சுடுவது கிடையாது. தலைக்கு மேல் போகும் குண்டு தூரத்தில் எங்கோ நிற்கும் அப்பாவியைக் கொல்லும் என்பது காரணம். சுட்டே ஆக வேண்டுமென்றால் அதிகாரி கட்டளையிட்டு, எண்ணிச் சுட்டு, தாழ்த்திக் குறிவைத்து, உடனே நிறுத்தி, காயம்பட்டவர்களைக் கவனிக்க வேண்டும். இந்த ஒழுங்குக்காகத்தான் ராணுவத்தை அழைப்பது. துப்பாக்கியின் பலம் மட்டும் வேண்டுமென்றால் அது போலீசிடமே இருந்தது.

இன்னொரு சிக்கலை நாம் அதிகம் பேசுவதில்லை. ராணுவத்துக்கு உள்ளூர் தெரியாது. எது எந்தத் தெரு, யார் ரவுடி, யார் பயந்து ஓடும் ஆள் என்று காட்டிக்கொடுக்கப் போலீஸ் வேண்டும். பிடித்தவர்களைப் போலீசிடம்தான் ஒப்படைக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை எழுதுவதும் விசாரிப்பதும் போலீஸ். ஆகவே போலீஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ராணுவம் எவ்வளவு பாரபட்சமில்லாமல் நின்றாலும் அது போலீசின் கண்ணால்தான் ஊரைப் பார்க்கும். 1993ல் முழுப் பொறுப்பும் கைமாறியிருந்தால்கூட இந்தச் சிக்கல் அப்படியே இருந்திருக்கும். அதனால் ராணுவம் இறங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதிக்கப்பட்ட இரு தரப்பும் நம்பக்கூடிய ஒரே சீருடை அந்த நேரத்தில் அதுதான். அதை ஊர்வலத்தில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டெல்லியை இதோடு சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1984ல் இந்திரா காந்தி கொலைக்குப் பிறகு சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது ராணுவத்தை முறையாக இறக்கவே தாமதித்தார்கள். நவம்பர் 1 காலையிலேயே இறக்கியிருந்தால் குறைந்தது 2,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் கருதியது. டெல்லியில் தாமதம் வாசலில் நடந்தது. மும்பையில் படை வீட்டுக்குள் வந்த பிறகு நடந்தது. இரண்டாவது வகைத் தாமதம் கண்ணுக்குத் தெரியாது. 'ராணுவத்தை அழைத்துவிட்டோமே' என்ற பதில் கையில் தயாராக இருக்கும். அரசியல்வாதிக்கு அது வசதி. எனக்கு அதில்தான் கோபம் அதிகம்.

ஜனவரி கடைசியில் பாபட் மாற்றப்பட்டு ஏ.எஸ். சாம்ரா கமிஷனரானார். மார்ச்சில் நாயக்கும் போனார், பாதுகாப்பு அமைச்சராக இருந்த சரத் பவார் முதலமைச்சராகத் திரும்பினார். மார்ச் 12 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். ஆனால் இந்த முறை நகரம் கலவரத்தில் விழவில்லை.

அதற்குப் பிறகு என்ன மாறியது? கலவரத்துக்கு ராணுவத்தைக் கூப்பிடும் தேவையைக் குறைக்கவென்றே மத்திய ரிசர்வ் போலீசுக்குள் அதிவிரைவுப் படை உருவாக்கப்பட்டு, 1992 அக்டோபரில் செயல்படத் தொடங்கியிருந்தது. மசூதி இடிப்புக்கு வெறும் இரண்டு மாதம் முன்னால். இன்று அதன் 102வது பட்டாலியன் நவி மும்பையில் தலோஜாவில் இருக்கிறது. நீலச் சீருடையில் தாராவிப் பக்கம் பண்டிகை நாட்களில் அணிவகுப்பவர்கள் இவர்கள். பலர் இவர்களை ராணுவம் என்றே நினைக்கிறார்கள். இவர்கள் போலீஸ்.

2008 நவம்பர் 26 அன்று மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல் வேறு வகைச் சோதனை. வந்தவர்கள் பத்துப் பேர், இறந்தவர்கள் 166 பேர். அன்று இரவு ராணுவக் குழுக்கள் வெளிவளையம் அமைக்க வந்தன. கடற்படையின் மார்கோஸ் கமாண்டோ வீரர்கள் தாஜ் ஓட்டலுக்குள் கட்டட வரைபடம் இல்லாமல் நுழைந்தார்கள். தேசியப் பாதுகாப்புப் படை டெல்லி அருகே உள்ள மானேசரிலிருந்து வர விடிந்துவிட்டது. விமானத்தை வேறு ஊரிலிருந்து வரவழைத்து, மும்பையில் இறங்கிய பிறகு பஸ் பிடித்து, காலையில்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும், தாக்குதல் குழுவில் இருப்பவர்கள் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனும் ஹவில்தார் கஜேந்தர் சிங்கும் அந்த நடவடிக்கையில் உயிர் கொடுத்தார்கள். அந்த முறை பொறுப்பு கைமாறுவதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. எதிரி வெளியிலிருந்து வந்தவன், வாக்கு வங்கி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. அறுந்தது வேறு இடத்தில். கைமாறிய பிறகும் போலீசிடம் மிஞ்சும் வேலையான வெளிவளையத்தை யாரும் இறுக்கிப் பிடிக்கவில்லை. டிவி கேமராக்கள் நடவடிக்கையை நேரலையில் காட்டின. கசாப் வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. தாக்குதலைப் பற்றி விசாரிக்க மாநில அரசு அமைத்த ராம் பிரதான் குழுவும் நெருக்கடி நேரத்து நடைமுறைகள் பின்பற்றப்படாததைச் சுட்டிக்காட்டியது. 2009ல் மும்பைக்கும் சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் ஐதராபாத்துக்கும் தேசியப் பாதுகாப்புப் படையின் கிளைகள் வந்தன, மாநிலத்துக்கு ஃபோர்ஸ் ஒன் என்ற கமாண்டோப் படை வந்தது, கடலோரப் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படைக்குப் போனது.

பயங்கரவாதத்துக்கு இவ்வளவு செய்த நாடு, கலவரத்தில் கைமாற்றத்தைப் பற்றி அதே அக்கறையோடு யோசிக்கவில்லை. 2024ல் புதிய சட்டம் வந்தபோது பிரிவு எண்கள் மாறின. மாஜிஸ்திரேட் எப்போது, எவ்வளவு நேரத்துக்குள் பொறுப்பைத் தர வேண்டும், தராவிட்டால் யார் பதில் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கமிஷனரே மாஜிஸ்திரேட்டாகவும் இருக்கும் நகரங்களில், போலீசைச் சாராத ஒரு மாஜிஸ்திரேட்டை ஒவ்வொரு ராணுவக் குழுவோடும் அனுப்பலாம். படை வந்திறங்கியதிலிருந்து அதற்கு என்ன பணி தரப்பட்டது, எது தரப்படவில்லை என்று மணிக்கணக்கில் எழுதிவைத்துப் பிறகு வெளியிடலாம். இவை இரண்டும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை.

ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தையே 1996 ஜனவரியில் மாநில அரசு கலைத்துவிட்டது. சில மாதங்களில் மறுபடி உயிர்பெற்று, 1998 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அதில் சொன்னவை பெரும்பாலும் தூங்கின. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டம் ஒழுங்கைக் காக்க மாநில அரசு தவறியதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இறந்த 900 பேரைத் தவிரக் காணாமல் போனவர்கள் 168 பேர். அவர்களில் 60 பேரின் குடும்பங்களுக்குத்தான் அதுவரை பணம் கிடைத்திருந்தது. மீதி 108 குடும்பங்களைத் தேடிக் கண்டுபிடிக்க, மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உறுப்பினர் செயலர் தலைமையில் ஒரு குழுவை அமைக்கச் சொன்னது நீதிமன்றம்.